சத்தம் கேட்டதும் ஓடிய மகள்

நான் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறேன். ஒன்பதாவது படிக்கும் என் மகள், "லீவுல நானே சமைக்கேம்மா" என்று அடம்பிடித்ததால் அடுப்பை அவள் பொறுப்பில் விட்டேன்.

அன்று பக்கத்து ஆலையில் பயங்கர வெடிச்சத்தம். எங்களையும் வெளியேற்றினார்கள். ஆலைக்குள் போன் கூடாது என்பதால் என் போன் வீட்டில்தான் இருந்தது. பதற்றத்தில் வாட்ச்மேனிடம் போன் கேட்கவும் தோன்றவில்லை. குறுக்குப் பாதையில் வீட்டுக்கு ஓடினேன்.

கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரே புகை. அடுப்பில் சோறு கரியாகிக்கொண்டிருந்தது. மகளைக் காணோம்.

கேஸை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். "சத்தம் கேட்டதும் உன்னயத் தேடி கம்பெனிக்கு ஓடிட்டாளே!" என்றார் எதிர்வீட்டு அக்கா. திரும்ப ஓடினேன். ஆலை வாசலில் நின்று, என் பெயரைச் சொல்லி வாட்ச்மேனிடம் கதறிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "இனிமே அடுப்புப் பக்கமே வராத" என்றேன். கருகிய பானையைத் தேய்த்தபடியே, "நாளைக்கும் நாந்தாம்மா சமைப்பேன்" என்றாள். மறுக்க மனம் வரவில்லை.

இப்போதும் லீவு நாளில் சமையல் அவளுடையதுதான். எங்கே சத்தம் கேட்டாலும் நான் முதலில் வாட்ச்மேன் போனில் அவளை அழைத்துவிடுகிறேன். போன வாரமும் ஒரு சத்தம். அழைத்தேன். நான் வாயைத் திறக்குமுன் சொன்னாள்: "அடுப்ப அணைச்சிட்டேம்மா. நீ எங்கன இருக்க?"