லாஸ் ஏஞ்சல்ஸ் எரிந்த வாரம் வெம்பிளியில் டிவி திருத்தினேன்

டிவி திருத்துகிறவனுக்கு உலகத்தில் எங்கே தீப்பிடித்தாலும் வேலை வந்துவிடும். கருவிப் பெட்டியோடு அடுத்தவர் வீட்டு மணியை அடித்துப் பிழைத்த அன்பர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மாதக்கணக்காகக் கோடு விழுந்த படத்தையே பார்த்துப் பழகிய சனம், ஏதாவது நடந்த அன்றைக்குத்தான் "இப்பவே வாங்கோ" என்று போன் எடுக்கும்.

1992இல் நான் லண்டன் வெம்பிளியில் குலம் அண்ணையின் டிவி கடையில் வேலை பார்த்தேன். அமெரிக்காவில் அது தேர்தல் வருடம். கறுப்பினத்தவர் ஒருவரைப் பொலிஸார் சுற்றி நின்று அடித்ததை யாரோ வீடியோ எடுத்திருந்தார், உலகமே பார்த்தது. அந்தப் பொலிஸார் குற்றவாளிகள் அல்ல என்று தீர்ப்பு வந்த அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றிக்கொண்டது. விடிந்ததும் எங்கள் கடை டெலிபோன் அடிக்கத் தொடங்கியது.

பாக்கியம் அக்காவின் பியூஸ்

முதல் அழைப்பு பின் தெருவில் இருந்த பாக்கியம் அக்காவிடமிருந்து. அவருடைய ஒரே தம்பி சிறி லாஸ் ஏஞ்சல்ஸில், அதுவும் எரிகிற பக்கத்தில், சின்னதாக ஒரு மூலைக்கடை வைத்திருந்தான். செய்தி கேட்டதும் அக்கா அவனுக்குப் போன் போட்டு, "முதல்லை கடைப் போர்டைக் கழட்டு" என்று உத்தரவிட்டிருக்கிறார். 83 ஜூலையில் கொழும்பில் தமிழர் கடைகளைத் தேடித்தேடி எரித்தபோது அக்காவின் புருஷன், எங்கள் அத்தானுடைய கடை தப்பியதே அப்படித்தான். தமிழ்ப் பெயர் எழுதிய போர்டை இரவோடிரவாகக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். தங்களைக் காப்பாற்றியது பாதி கடவுள், பாதி ஸ்குரூ டிரைவர் என்பது அக்காவின் கணக்கு.

அந்த ஒரு போனுக்குப் பிறகு சிறி எடுக்கவேயில்லை. மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து டிவியும் நின்றுவிட்டது. நான் பின்பக்கத்தைக் கழற்றிக் கருகிய பியூஸை மாற்ற, அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி சொன்னார்: "தம்பி, சத்தம் வராட்டிலும் பரவாயில்லை, அவன்ரை தெரு தெரியிற மாதிரிச் செய்து தா."

ஹரோ டாக்டரின் நெருப்பு

ஹரோவில் மதுரைக்கார டாக்டர் ஒருவர். அவர் வீட்டு டிவியில் மூன்று மாதமாகச் சிவப்பு நிறம் கூடிப்போய், செய்தி வாசிப்பவர் எப்போதும் வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தார். அதை டாக்டர் பொருட்படுத்தவில்லை. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸைக் காட்டியதும் வானம், ரோடு, கார், மரம் எல்லாமே எரிவதாகத் தெரிந்து, மனுஷர் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

நிறத்தைச் சரிசெய்ய எனக்கு அரை மணி நேரம் ஆனது. மரங்கள் பச்சையாகின. எரிந்த கடைகள் மட்டும் எரிந்தன. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஆமா, நீங்க கை வெச்சதும் பாதி நெருப்பு அணைஞ்சு போச்சேப்பா!"

ஏஜென்டுக்கு ஒரு அர்ச்சனை

ஹவுன்ஸ்லோவில் சண்முகம் அண்ணை, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். அமெரிக்காவுக்கு அனுப்புவதாகக் காசு வாங்கிய ஏஜென்ட் தன்னை லண்டனில் இறக்கிவிட்டுக் காணாமல் போனான் என்று ஒன்பது வருடமாக அவனைத் திட்டிக்கொண்டிருந்தவர். கல்யாண வீட்டிலும் திட்டுவார், செத்த வீட்டிலும் திட்டுவார்.

நான் கூரையில் ஏறி ஏரியலைத் திருப்பிவிட்டுக் கீழே வந்தேன். அண்ணை ஷிப்டுக்குப் போகிற உடுப்போடு, கடைகள் எரிவதைப் பார்த்தபடி நின்றார்; ஏஜென்டை ஒரு தடவைகூடத் திட்டவில்லை. எனக்கே பயமாகிவிட்டது. கடைசியில் பெருமூச்சு விட்டார்: "அவன்ரை பேரிலை கோயில்லை ஒரு அர்ச்சனை செய்யவேணும் தம்பி, பாழ்படுவான்ரை நட்சத்திரம்தான் தெரியேல்லை."

ஆறு டிவியிலும் ஸ்னூக்கர்

எங்கள் கடைக் கண்ணாடிக்குள் ஆறு டிவி ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை ஆறிலும் லாஸ் ஏஞ்சல்ஸ். வெளியே கூட்டம் சேர்ந்தது. குஜராத்தி அம்மாக்கள், பஸ்ஸை விட்டிறங்கியவர்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்து நின்றார்கள். இன்றைக்கு நாலு டிவியாவது விற்கும் என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

குலம் அண்ணை பின்னறையிலிருந்து வந்தார், கூட்டத்தைப் பார்த்தார், நேரே போய் ஆறையும் ஸ்னூக்கருக்கு மாற்றினார். பச்சை மேசையும் பந்துகளும் வந்ததும் கூட்டம் கலைந்தது. யாவாரம் போச்சே என்று நான் முணுமுணுத்தேன். 83இல் அவருடைய கடை தப்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த நேரம் அது நினைவுக்கு வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அண்ணை கோபப்படாமல் சொன்னார்: "கடைக்கு முன்னாலை சனம் கூடி நிண்டா எனக்குக் கால் நடுங்குதடா, அவங்கள் பந்து அடிக்கட்டும்."

ஏணியில் நின்றவன்

மூன்று நாள் சிறியிடமிருந்து செய்தி இல்லை. வேலை முடிந்ததும் நான் அக்கா வீட்டுக்குப் போய், நன்றாக ஓடுகிற டிவியைத் திருத்துவது போல் பாவனை செய்துகொண்டிருந்தேன். வேறு என்ன சொல்லி அங்கே இருப்பது? எரிந்த தெரு ஒவ்வொன்றாகக் காட்டும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொள்வார்.

திங்கட்கிழமை போன் வந்தது. சிறிதான். அக்கா சொன்னபடி ஏணி வைத்துத் தன் கடைப் போர்டைத் தானே கழற்றியிருக்கிறான். துப்பாக்கியோடு ரோந்து வந்த பொலிஸார், கொள்ளையடிக்கிறவன் என்று அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். "இது என் கடை" என்றானாம். உன் கடை என்றால் பெயரை ஏன் கழற்றுகிறாய் என்று கேட்டார்களாம். அதற்கு 83இலிருந்து பதில் சொல்லத் தொடங்கினால் யார் நின்று கேட்பது? கடைசியில் எதிர்க்கடையில் முடிவெட்டுகிற கறுப்பின மனிதர் வந்து சாட்சி சொல்லித்தான் விட்டார்கள். தெருவாசிகள் காவல் நின்றதில் கடைக்கு ஒரு கீறல் இல்லை. போர்டு மட்டும் சான்றுப் பொருளாகப் பூட்டப்பட்டுவிட்டது.

அக்கா அழுதார், சிரித்தார், மூக்கைச் சிந்தினார். எனக்கும் கண் கலங்கியது. நான் மெதுவாக, "அக்கா, உங்கடை புத்திமதியாலைதானே அவன் உள்ளுக்குப் போனவன்?" என்றேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்: "ஓம், அதாலைதான் தப்பினவன்! மறியல் கம்பிக்குள்ளை ஆரடா வந்து நெருப்பு வைப்பான்?"

அடுத்த நாள், குலம் அண்ணையின் பெயர் எழுதிய எங்கள் கடைப் போர்டைத் துடைக்க ஏணியில் ஏறியபோது நான்கு திருகாணிகளில் இரண்டு ஏற்கெனவே தளர்த்தப்பட்டிருந்தன. திருத்துவதே தொழிலாக இருந்தும் அவற்றை நான் முறுக்கவுமில்லை, குலம் அண்ணையிடம் ஒன்றும் கேட்கவுமில்லை.