எந்தக் கணக்கு வரக்கூடாது என்று ஜெபித்தேனோ

காலை ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருக்கிறேன். கால் வலிக்கிறது. உட்கார்ந்தே சாட்சி சொல்கிறேன், சபையார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் எஸ்தர். வயது நாற்பத்தொன்று. பீர்க்கன்கரணையில் வீடு. திருமுடிவாக்கத்தில் போல்ட்டுக்கு மாட்டும் வாஷர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஸ்பெக்டர் வேலை. டிப்ளமோ படித்தவள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். உண்மையில் முதல் வருஷத்து பிசிக்ஸ் அரியராக நின்றுபோனது. கல்யாணத்துக்கு முன்பும் எழுதினேன், பின்பும் எழுதினேன். ஏழு முறை. ஏழும் போச்சு.

போன வருஷம் பொங்கல் முடிந்ததும் முதலாளி கூப்பிட்டார். "ஆடிட்ல கேக்கிறாங்கம்மா. ஜூலைக்குள்ள சர்டிபிகேட் குடுத்தா இன்ஸ்பெக்‌ஷன்ல இரு. இல்லன்னா பேக்கிங்தான். என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். இன்ஸ்பெக்‌ஷனில் உட்கார நாற்காலி உண்டு. பேக்கிங் என்றால் எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். எனக்கு இரண்டு காலிலும் நரம்பு புடைத்துச் சுருண்டு கிடக்கிறது. நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த நாற்காலி போனால் என் வேலையே போனது மாதிரிதான். பழைய அரியர்காரர்களுக்கு அந்த ஏப்ரல்தான் கடைசி வாய்ப்பு என்றும் அறிவித்துவிட்டார்கள்.

என்னைக் கவிழ்த்தது ஒரே கணக்கு. இருபது மீட்டர் உயர மாடியிலிருந்து ஒரு பந்தைக் கிடைமட்டமாக, நொடிக்குப் பதினைந்து மீட்டர் வேகத்தில் எறிந்தால் எங்கே விழும்? நான் அந்தப் பதினைந்தைத் தூக்கிக் கீழே விழும் சமன்பாட்டில் போட்டுவிடுவேன். விழும் நேரம் ஒரு நொடி என்று வரும். பின்னமில்லை, புள்ளியில்லை, அத்தனை அழகாக வரும். அழகாக வந்தால் சரியாகத்தானே இருக்கும் என்று நம்பிவிடுவேன். புத்தகத்து விடை மட்டும் வேறாக இருக்கும், ஏனென்று புரியாது. இந்த வயதில் யாரிடம் போய்க் கேட்பது? வெட்கம். அதனால், "ஆண்டவரே, இந்தக் கணக்கு மட்டும் வரக்கூடாது" என்று ஜெபிப்பேன். ஒவ்வொரு முறையும் அது வரும்.

நம் சபையில் பிளஸ் டூ பிள்ளைகள் பரீட்சைப் பேனாவை நீட்டி ஜெபம் வாங்குவார்கள் அல்லவா? போன வருஷம் அந்த வரிசையில் நானும் நின்றேன். பாஸ்டர் அப்போதுதான் புதிதாக வந்திருந்தார். "பேனா தம்பிக்கா, பாப்பாவுக்கா சிஸ்டர்?" என்றார். "எனக்குத்தான் பாஸ்டர்" என்றேன். பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள், பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். ராத்திரியெல்லாம் அதே கணக்கு, அதே தப்பு. அழக்கூடத் தெம்பில்லை. "முடியலப்பா" என்று மட்டும் சொன்னேன். அன்றைய ஜெபம் அவ்வளவுதான்.

கம்பெனியில் அன்று அவசர ஆர்டர். வாஷரைக் கொண்டுவரும் பெல்ட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருந்தார்கள். பெல்ட் முனையிலிருந்து விழும் வாஷரெல்லாம் டப்பாவைத் தாண்டித் தரையில் கொட்டியது. நான் குனிந்து பொறுக்கினேன். மெஷின் ஓட்டும் செல்விக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா எஸ்தரு, பொறுக்கிகினே கீற? டப்பாவ தள்ளி வையேன்!"

"எவ்ளோ தள்ளணும்?"

"பெல்ட்டு டபுளா ஓடுதில்ல? ஒரு சாண்ல இருந்தத ரெண்டு சாண்ல வை."

"அதெப்படி அவ்ளோ கரெக்டா சொல்ற?"

"அட, பெல்ட்டு எவ்ளோ வேகமா ஓடுனா இன்னா? ஒயரம் அதே ஒயரம்தான? கீழ வுழற நேரம் மாறாது. அந்த நேரத்துல ரெண்டு மடங்கு தூரம் ஓடிடுது. இதுக்கு ஒரு படிப்பா?"

டப்பாவை இரண்டு சாண் தள்ளி வைத்தேன். ஒன்று தப்பாமல் உள்ளே விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பக்கவாட்டு வேகத்துக்கும் விழும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஏழு முறையும் நான் பந்தைப் பக்கவாட்டில் எறியவில்லை, கீழே பார்த்து எறிந்திருக்கிறேன்!

ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமை பரீட்சை. வினாத்தாளைத் திருப்பினால் அதே மாடி, அதே பந்து. பழகின கை பதினைந்தைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே போட்டது. ஒரு நொடி என்று அழகாக வந்தது. பேனாவைக் கீழே வைத்தேன். டப்பாவை நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரே கோடு போட்டு அடித்தேன். கீழ்நோக்கிய ஆரம்ப வேகம் பூஜ்யம். விழும் நேரம் இரண்டு நொடி. தூரம் முப்பது மீட்டர்.

பாஸ் மார்க்குக்கு மேல் இரண்டே மார்க். அந்தக் கணக்கு வராமல் இருந்திருந்தால் நான் பெயில். வராதே, வராதே என்று இத்தனை வருஷம் நான் கெஞ்சிய கணக்குதான் என்னைக் கரையேற்றியது.

செல்வியிடம் விஷயத்தைச் சொன்னேன். "டப்பாவ தள்ளி வைன்னு சொன்னது நானு. நீ உன் சாமிக்கு தேங்ஸ் சொல்ற. நல்லா கீதுடி!" என்றாள். "சாமிக்கும் சொல்லிட்டேன், உனக்கும் சொல்றேன்" என்றேன். அவள் டீ வாங்கித் தரச் சொன்னாள்.

எனக்குக் களைப்பு இன்னும் போகவில்லை. காலும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒன்று மாறிவிட்டது. இது வரக்கூடாது ஆண்டவரே என்று இப்போது நான் ஜெபிப்பதில்லை. வந்தால் என் கூடவே இரும் என்று மட்டும் கேட்கிறேன். உங்களில் யாருக்காவது ஜெபிக்கவும் தெம்பில்லை என்றால் "முடியலப்பா" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அவருக்கு அது போதும். பதில் யார் வாயிலிருந்து வந்தாலும் காது கொடுங்கள்.

இதோ, சாட்சி முடிந்துவிட்டது. நாளைக்கும் காலை ஷிப்ட்தான். அங்கேயும் உட்கார்ந்துதான் வேலை பார்க்கப்போகிறேன். ஸ்தோத்திரம்.