ஸியாமின் கிரகத்து மக்கள்

என் சாச்சாவின், அதாவது சிற்றப்பாவின், இளைய மகன் ஸியாமை எங்கள் குடும்பத்தார் 'வீடியோக்காரன்' என்றே குறிப்பிடுவர். பதுளைக் கடைத்தெருவில் அவருடைய அண்ணன் புஹாரி நானாவுக்குப் புடவைக்கடை. ஸியாமுக்குக் கல்யாண வீடியோ. குடும்ப விவரங்களைத் திரட்டி எழுதிவரும் நான் அவரைத் திரைப்பட இயக்குநர் என்றே எழுதுகிறேன். அவர் எடுத்த விண்வெளிப் படத்தை எங்களுள் முழுமையாகப் பார்த்தது நான் மட்டுமே.

படப்பிடிப்பு மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. கொழுந்து பறிக்கும் கனகமும் அவர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் பெண்களும், மழைக்கு இடுப்பில் கட்டும் பொலித்தீன் விரிப்பைத் தோள்வரை சுற்றிக்கொண்டு வேற்றுக்கிரகவாசிகளாக நின்றனர். ஆனால் அவர்கள் ஸியாமைக் கல்யாண வீடுகளில் கண்டு பழகியவர்கள். அவர் கமெராவைத் தூக்கியதும் முடியை ஒதுக்கிக்கொண்டு, அசையாமல், நேரே லென்ஸைப் பார்த்தனர்.

"அக்கா, என்னையப் பாக்காம மலையப் பாருங்க."

"மலையத்தான் தெனமும் பாக்குறோமே நானா. வீடியோவுல மொகம் தெரிய வேணாமா?" என்றார் கனகம்.

வேறொருவர் அன்றே மூட்டை கட்டியிருப்பார். ஸியாம் கதையை மாற்றினார். கமெராவே அங்கு வந்திறங்கும் பயணியின் கண் ஆயிற்று. வேலைக்கென்று தங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேறொரு நட்சத்திரத்துக்குப் போய்விட்டவனுக்காகத் தலைமுறைகளாகக் காத்திருக்கும் மக்கள் அவர்கள். வருகிற ஒவ்வொருவனையும் 'நீதானா அவன்?' என்று பார்ப்பார்கள். மூடுபனிக்குள்ளிருந்து அத்தனை முகங்களும் நம்மை நோக்கித் திரும்பும் அந்தக் காட்சியில் என்னால் திரையை நேர்கொண்டு பார்க்க இயலவில்லை. பெரும் பொருட்செலவில் திரையில் பறந்த எந்த விண்கலமும் என்னை அப்படிக் கண் தாழ்த்த வைத்ததில்லை.

இதை அறிமுகமற்றவர் முன்னே ஒருமுறையேனும் காட்டிவிட வேண்டும் என்பதே ஸியாமின் ஆசை. சுற்றுலாப் பயணிகள் குவியும் எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டல் இசைந்தது. படத்தைப் பென்டிரைவில் கொடுத்தார். கனகமும் இன்னும் சில பெண்களும் பட்டுடுத்திப் பஸ்ஸில் வந்திறங்கினர். மேலாளர் அவர்களை வாசலில் நிறுத்தி, "கூடை கொண்டுவரலையா? வெள்ளைக்காரங்க போட்டோ கேப்பாங்களே" என்றார்.

"இன்னைக்கு நாங்க வேற கிரகமுங்க" என்றார் கனகம்.

திரையில் முகங்கள் திரும்பிய இடத்தில் மண்டபமே சிரித்தது. ஒருவர் எழுந்து நின்று அதேபோல் முறைத்துக் காட்டினார், சிரிப்பு இரட்டித்தது. படம் முடிந்ததும் மேலாளர் ஸியாமின் தோளைத் தட்டினார்.

"சூப்பர் காமெடி! கொஞ்சம் மியூசிக் மாத்துனீங்கன்னா ஒவ்வொரு சனிக்கிழமையும் போடலாம்."

"இது காமெடி இல்ல" என்று மட்டும் சொல்லிப் பென்டிரைவைக் கழற்றிக்கொண்டார் ஸியாம். புஹாரி நானா அதைக் கேள்விப்பட்டு, கடையில் ஆட்கள் முன்னிலையிலேயே, "பெரிய டைரக்டரு! சிரிக்கிறதுக்காவது நாலு பேர் பாத்திருப்பாங்க" என்றார்.

ஸியாம் பென்டிரைவைக் கழற்றும் முன்பே ஹோட்டல்காரர்கள் படத்தைப் பிரதி எடுத்துவிட்டிருந்தனர். மறுவாரம் அந்தக் காட்சி மட்டும் கோமாளி இசையோடு முகநூலில் வந்தது. இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். எடுத்தவரின் பெயர் அதில் இல்லை. ஸியாம் அதன் கீழே எழுதிய மறுப்புக்கும் சிரிப்புப் பொம்மைகளே பதிலாக விழுந்தன.

மடுல்சீமையிலும் அது கைபேசிக்குக் கைபேசி போயிற்று. கனகம் அழைத்தபோது நான் ஸியாமின் அருகில் இருந்தேன்.

"நானா, நாங்க அவ்வளவு சிரிப்பாவா இருந்தோம்?"

"நீங்க இல்லக்கா."

"அப்ப யாரு?"

அதற்குப் பிறகு ஸியாம் படம் எடுக்கவில்லை.