கருவாட்டுக் கப்பலில் கல்யாணம்

ராயபுரம் கரையில் படகுக்காக நிற்கிறேன். எதிரே கடலில் ஒரு பழைய பாய்க்கப்பல், புது வர்ணமும் வாழைமரமுமாக ஜொலிக்கிறது. ஒரு பணக்காரர் அதை வாங்கிச் செப்பனிட்டு, மகள் கல்யாணத்தை அதிலேயே நடத்துகிறார். மாப்பிள்ளை என் நண்பன்.

அதற்காகக் கரையில் மீன் காயக்கூடாதாம்! காற்றில் வாடை வருகிறதென்று பணக்காரரின் ஆட்கள் மீன் பாய்களைக் காலால் எத்துகிறார்கள். வெள்ளைக்காரன் போயும் இந்தத் திமிர் போகவில்லை.

மீனை அள்ளும் பெண்ணிடம், "எங்கேயம்மா கொண்டுபோவீர்கள்?" என்கிறேன்.

"எங்க போறது நைனா? இன்னிக்கு வெயிலு காட்டலன்னா அத்தினியும் புழுத்துப் பூடும். கல்யாணம் அவுங்களுது, காத்துமா அவுங்களுது? எங்க கருவாட்ட ஏத்திகினு கொழும்புக்குப் போன கப்பலுதான் அது!"

படகு வருகிறது. கொதிப்போடுதான் ஏறுகிறேன்.

கப்பல் தளத்தில் பன்னீர் தெளித்திருக்கிறார்கள். வெயில் ஏற ஏற, காலடிப் பலகைகளுக்குள்ளிருந்து கருவாட்டு வாடை குப்பென்று எழும்புகிறது. மணப்பெண்ணின் தகப்பனார் பட்டு அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு கரைப் பக்கம் கத்துகிறார்: "அந்தச் சனியனை இன்னுமா அள்ளவில்லை?"

நானும் திரும்பிப் பார்க்கிறேன். கரையில் வெறும் மணல்தான் கிடக்கிறது.