துரையின் கொப்பரைக்கு நான் பூசச் சொன்ன ஈயம்

எனக்கு எழுபத்தொன்பது வயது. எட்டுப் பிள்ளைகளை வளர்த்தேன். கையெழுத்துப் போடுவேன், கடைப்பலகை வாசிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போடுவதற்குப் பதினைந்து வருஷம் முந்தி, அதே ஊரின் தாமுவேப் பேட்டையில் ஓர் அரிசி ஆலை துரையின் பங்களாவில் என் வீட்டுக்காரர் சமையல்காரர். பின்கட்டில் எங்களுக்கு ஓர் அறை. துரைக்குக் கடை விஸ்கி பிடிக்காது. பார்லியை முளைகட்டி, ஊறல் போட்டு, செப்புக் கொப்பரையில் தாமே வடிப்பார். முளைகட்டி உலர்த்துவதும் பாத்திரம் விளக்குவதும் என் பொறுப்பு.

முதல் வடிப்பு கமகமவென்று வந்தது. இரண்டாவதில் அழுகிய முட்டை வாடை.

பார்லி உலர்த்திய பாயில் நாப்பி, அதுதான் மீன் விழுது, பட்டிருக்கும் என்று துரை என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். பாயை மாற்றினோம். தண்ணீரை மாற்றினோம். ஊறல் பீப்பாயைக் கொதிநீர் விட்டு அலசினோம். மூன்றாவதும் நாறியது. இனி ஒரு தரம் இப்படி வந்தால் அறையைக் காலி செய்யுங்கள் என்றுவிட்டார். எனக்குத் தலைப்பிள்ளை வயிற்றில் ஏழு மாதம். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது, படுத்தால் படுக்கை கொள்ளாது. கிணற்றடிக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

நடக்கும்போதுதான் அது நினைவில் தைத்தது. முதல் வடிப்புக்குப் பிறகு, கொப்பரையின் உள்ளே ஈயமே இல்லை என்று பார்த்தேன். வெறுஞ்செம்பில் களிம்பு ஏறும் என்று கூட இந்த வெள்ளைக்காரர்களுக்குத் தெரியவில்லையே என்று, தெருவில் வந்த ஈயக்காரரைக் கூப்பிட்டுக் கொப்பரைக்கும் மூடிக்கும் பூசவைத்தவள் நான். குறுகிய வாய், துரை உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

நாறிய சரக்கில் ஓர் ஆழாக்கை ஈயம் பூசாத சாமி செம்பில் ஊற்றினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் மோந்தால் வாடை பாதி இல்லை. செம்பின் உட்புறம் கறுத்திருந்தது. வெறுஞ்செம்புதான் வாடையைக் குடிக்கிறது, நான் பூசவைத்த ஈயம் அதைத் தடுத்துவிட்டது என்று புரிந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வாயத் தொறக்காத புள்ள. ஈயக்காரன் தானா பூசிட்டுப் போயிட்டான்னு சொல்லிக்கலாம்" என்றார்.

"அவன் பொழப்புல ஏன் மண்ணப் போடணும்? பூசச் சொன்னவ நானு."

துரை முன்னால் அவர் இங்கிலீஷில் மென்று முழுங்கினார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் அவர் கை தெருப்பக்கம் நீண்டதைப் பார்த்தேன். முன்னே போய்க் கொப்பரையைக் காட்டினேன், என் நெஞ்சைத் தட்டினேன், செம்பை நீட்டினேன்.

துரை மோந்தார். உள்ளே விரல் விட்டுக் கறுப்பைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு, கொப்பரையை அனலில் காட்டி ஈயத்தை உருக்கித் துடைக்கச் சொன்னார். அடுத்த வடிப்புக்கு முன்னாலேயே துணிகளை மூட்டை கட்டிவைத்தேன்.

அன்றைக்கு வடிப்பு பாதியில் என்னைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். பார்லி மணம். அறைக்குப் போய், மூட்டை கட்டியிருந்த துணிகளை அவிழ்த்துக் கொடியில் போட்டேன்.

இந்தா, எழுதின வரைக்கும் வாசி, கேட்கிறேன். நான் நெஞ்சைத் தட்டின இடத்தை விட்டிருந்தால் சேர்த்துவிடு.