ஸ்டார்ட்டரில் குச்சி செருகுகிற கிருமி

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் தொண்ணூறுகளில் கோயமுத்தூரைச் சுற்றி எந்தத் தோட்டத்தில் மோட்டார் புகைந்தாலும் வண்டியில் ஏற்றி நேராக என் பட்டறைக்குத்தான் கொண்டுவருவார்கள். மூடியைக் கழற்றும் முன்பே முகர்ந்து பார்த்து, உள்ளே சுற்றிய செம்புக்கம்பி, அதாவது காயில், எந்தப் பக்கம் கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இன்ஜினியரிங் படித்தவர்களே என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு போனதுண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு கோடையில் மஞ்சள் காமாலை வந்தது. கிணற்றில் தண்ணீரும் கம்பியில் வோல்டேஜும் சேர்ந்து இறங்கி, மோட்டார்கள் வரிசையாகக் கருகும் காலம். டாக்டர், “ஈரலில் வைரஸ். எழுந்து நடமாடவே கூடாது” என்றார். நான் மறுநாள் காலையிலேயே சட்டையை எடுத்து மாட்டினேன்.

“ஏனுங்க, எங்கண்ணனும் ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைன்னுதானுங்க ஈரோட்டுக்கு நூல் வாங்கப் போச்சு. எப்படித் திரும்பி வந்துச்சுன்னு மறந்துபோச்சுங்களா?” என்றாள் என் மனைவி.

மறக்கவில்லை. அவரை உயிரில்லாமல் வேனில் கிடத்தித்தான் கொண்டுவந்தோம். அவருக்கும் இதே காமாலைதான். ஆனால் அவர் உடம்பு வேறு, என் உடம்பு வேறு என்பது என் எண்ணம்.

கல்லூரியில் கிருமிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டாள்.

“அப்பா, உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா நீங்களே போகமாட்டீங்க. வைரஸுக்குச் சொந்தமா ஒரு மிஷினும் இல்லீங்ப்பா. நம்ம ஈரல் செல்லுக்குள்ள பூந்து, நம்ம மிஷின்லயே அதோட சரக்கை ஓட்டிக்கும்.”

“வாடகை?”

“வாடகையாவது! செல்லுக்கு விசயம் தெரிஞ்சதும் மிஷினையே நிறுத்திப்போடும். அதோட சரக்கும் ஓடாது, நம்ம சரக்கும் ஓடாது.”

“நம்முளுதையும் சேர்த்தா? திருட்டுச் சரக்கை மட்டும் நிறுத்தத் தெரியாத கூறுகெட்ட செல்லா இருக்குதே, அம்மணி!”

“பிரிச்சுப் பாக்கறதுக்குள்ள வைரஸு ஆயிரமாப் பெருகிருங்ப்பா. நிறுத்தினாத்தான் பக்கத்துச் செல்லு பொழைக்கும்.”

சட்டென்று எனக்கு விளங்கிவிட்டது. “அட, நம்ம ஸ்டார்ட்டர் ரிலேயாட்ட! லோடு தாங்கலைன்னா ட்ரிப் ஆகி மோட்டாரை நிறுத்திருமே!”

அவள் முகம் மலர்ந்தது. “கிட்டத்தட்ட அதாட்டத்தானுங்ப்பா. ஆனா சில வைரஸு அந்த ட்ரிப்பையே வேலை செய்ய உடாது.”

“ஸ்டார்ட்டர்ல குச்சி செருகுது!”

எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் செய்கிற காரியம் அது. வோல்டேஜ் இல்லாமல் ஸ்டார்ட்டர் சுவிட்ச் தானாக விழுந்து மோட்டார் நின்று நின்று போனால், விழாதபடி ஒரு குச்சியைச் செருகிவிடுவார்கள். அன்றைக்குத் தண்ணீர் வரும். பிறகு காயில் கருகி மோட்டார் என் பட்டறைக்கு வரும். அந்தக் குச்சியால்தான் நான் மாடி வீடு கட்டினேன் என்று சொல்லலாம்.

இதுவரை சரி. அப்புறம்தான் அவள் குழப்பினாள். சமாளிக்கவே முடியாவிட்டால் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளுமாம். எந்த மோட்டார் பக்கத்துத் தோட்டத்து மோட்டாருக்காகத் தானே கருகும்? போதாததற்கு, உடம்பின் காவல்காரர்களும் வந்து வைரஸ் புகுந்த செல்லை அடித்துப்போடுவார்களாம்.

“அப்ப என் கண்ணு மஞ்சளானது வைரஸ்னாலயா, நம்ம ஆளுகனாலயா?”

“நெறைய நம்ம ஆளுகனாலதானுங்ப்பா.”

“அப்ப நான் படுத்துக்கிட்டா ஆருக்கு அம்மணி ஒத்தாசை? செல்லுக்கா, வைரஸுக்கா, அந்தக் காவல்காரனுக்கா?”

“அது எனக்கும் சரியாத் தெரியலீங்ப்பா.”

“நல்ல படிப்பு” என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன்.

அங்கே தொண்டாமுத்தூரிலிருந்து வந்த ஒருவர் மோட்டாரோடு காத்திருந்தார். கூடவே ஸ்டார்ட்டரையும் கழற்றி வந்திருந்தார். திறந்தால், உள்ளே குச்சி. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏனப்பா, அது நிக்குதுன்னா உள்ள என்னமோ ஆகுதுன்னு அர்த்தமில்லையா? காப்பாத்தறதுக்கு நிக்கறதைப் போய்க் குச்சி செருகி ஓட்டுவியா?”

“வாழை வாடுதுங்ணா. பாத்துட்டுச் சும்மா நிக்க முடியுங்களா?” என்றவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். “அது கெடக்குதுங்ணா. உங்க கண்ணு ஏனுங்க இப்படி இருக்குது? ஊட்டுல படுத்திருக்கோணுமல்லங்ணா?”

கையில் இருந்த குச்சியைப் பார்த்தேன். பிறகு அவர் மோட்டார் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். உடம்பு இரண்டு நாளாக நில் நில் என்கிறது. சட்டையை மாட்டி ஓட்டியது நான். அப்படியானால் நான் யார் கட்சி? என் ஈரலுக்குள் நானே வைரஸுக்கு ஆள் வேலை பார்க்கிறேனா? மைத்துனரை வேனில் கிடத்தியபோது அவர் தலையைப் பிடித்திருந்தது இதே கைதான்.

அந்தத் தோட்டக்காரரே என்னை வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டார். மனைவி பாயை விரித்தாள். மகளிடம் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். “அப்படி இல்லீங்ப்பா. ஒடம்பு அசதியும் செல்லு மிஷினை நிறுத்தறதும் ஒண்ணில்லை” என்றாள். விளங்கியதையும் கெடுத்துவிட்டாள். ஆனாலும் படுத்துக்கொண்டேன். கண் வெளுக்கிறவரை எழவில்லை. வாழைக்காரருடைய மோட்டாருக்கு என் ஆட்களே புதுக் காயில் கட்டிக் கொடுத்தார்கள், நான் கட்டிய அளவுக்கு இல்லை என்றாலும்.

எது என்னைக் காப்பாற்றியது என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. படுத்திருந்த நாட்களில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றை மட்டும் யோசித்தபடி கிடந்தேன். சொந்தமாக ஒரு மிஷின் இல்லாத அந்தக் கிருமிக்கு, ட்ரிப் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று யார் சொல்லிக் கொடுத்தது? ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமலே மிஷினின் சூட்சுமத்தைப் பிடித்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான் என்றல்லவா நினைத்திருந்தேன்.