பன்னாட்டுச் சேவைக்கு ஒரு பலாப்பழம்

ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் எனக்கு ஜப்பான் போகும் ஆசை பிடித்தது. பல நாட்டுப் பிள்ளைகள் கூடும் இளைஞர் முகாம் ஒன்று அங்கே நடக்கவிருந்தது. தேர்வாகிறவர்களுக்கு விமானச் செலவு முதற்கொண்டு எல்லாவற்றையும் முகாம்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். அந்த விளம்பரத்தைப் பார்த்த நாளிலிருந்து நெய்வேலி எனக்குப் போதாமல் போய்விட்டது. விண்ணப்பத்தை ஒரே மூச்சில் நிரப்பிக்கொண்டே வந்தவள் கடைசிக் கேள்வியில் நின்றுவிட்டேன். பன்னாட்டுத் தன்னார்வச் சேவையில் அனுபவம் உண்டா, இருந்தால் ஆதாரத்தை இணைக்கவும் என்று கேட்டிருந்தார்கள்.

அப்பா சுரங்கத்தில் ராட்சத இயந்திரம் ஓட்டுபவர். டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு உலகத்தில் உள்ள வேலையெல்லாம் இரண்டே வகைதான். அப்பாவும் அதைத்தான் கேட்டார்.

"இது பர்மனென்டா, கான்ட்ராக்டா?"

இரண்டும் இல்லை, சம்பளமே கிடையாது என்றேன்.

"அப்ப அப்ரன்டிஸ்" என்று முடிவுகட்டிவிட்டு பி ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார்.

அடுப்படியிலிருந்த அம்மாவுக்கு இது வேறு விதமாகப் பட்டது. "சம்பளம் இல்லாம வேலை செஞ்சதுக்கு சர்டிபிகேட் தர்றாங்கன்னா முதல்ல எனக்கு ஒண்ணு வாங்கிக் குடு" என்றாள். எனக்கோ அழுகை வந்தது. இந்த ஒரு கேள்விக்காக ஜப்பான் கைநழுவிப் போவதை என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டில் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டவர் சித்தப்பா ஒருவர்தான். அவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. எங்கள் குவார்ட்டர்ஸிலேயே தங்கியிருந்தார். எந்தச் சிக்கலுக்கும் குறுக்கு வழி ஒன்று வைத்திருப்பார், அதில் பாதி வழிகள் முட்டுச்சந்தில் போய் முடியும். இருந்தாலும் அடுத்த முறையும் அவரிடம்தான் போய் நிற்போம்.

"நம்ம கம்மாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல வெள்ளக்காரப் பசங்க வந்து பெயின்ட் அடிச்சிக்கினு இருக்காங்க. நாளைக்குத்தான் கடைசி நாளாம். நீயும் போயி கூட நின்னு ரெண்டு செவுரு அடி. நான் போட்டோ புடிக்கிறேன். இன்டர்நேஷனல் முடிஞ்சிது" என்றார்.

நான் அன்று இரவு பெயின்ட் அடிக்கும் கனவோடு தூங்கினேன்.

மறுநாள் காலை சித்தப்பாவின் பைக்கில் மூன்று பேர் போனோம் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பலாப்பழம் உட்கார்ந்திருந்தது. குவார்ட்டர்ஸ் கொல்லையில் பழுத்தது. பலா சீசனில் வெறுங்கையோடு யாரையும் பார்க்கப் போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது, அது வெளிநாட்டுக்காரராக இருந்தாலும் சரி. அம்மா ஒரு சின்ன பாட்டிலில் தேங்காயெண்ணெயும் கொடுத்திருந்தாள். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவாமல் பலாவைத் தொடக் கூடாது என்பது எங்கள் ஊரில் தவழும் பிள்ளைக்கும் தெரியும்.

பள்ளிக்கூட வாசலில் தொப்பி போட்ட இளைஞர் ஒருவர் விசிலோடு நின்றிருந்தார். அங்கே நடந்த தொண்டு முகாமை நடத்துகிறவர், சென்னைக்காரர். நான் தொண்டு செய்ய வந்திருக்கிறேன் என்று, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தமிழில் பதில் சொன்னார்.

"வாலன்டியர்ஸ் எல்லாம் பதிவு பண்ணிட்டு வந்தவங்கம்மா. நீ லோக்கல். லோக்கல் பிள்ளைங்க எல்லாம் அந்த வரிசையில நில்லு."

நான் டவுன்ஷிப் பெண், இந்த ஊர்க்காரியே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். வரிசையில் நின்றேன். எனக்கு ஒரு பல்துலக்கும் பிரஷும் மஞ்சள் பலூனும் தந்தார்கள். பிறகு, ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு சேர்ந்து கையைத் தட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாடினேன். என் உயரத்துக்குப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். தொண்டு செய்யப் போனவளுக்கே தொண்டு நடந்துகொண்டிருந்தது.

சித்தப்பா அசரவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் சுவரில் மயிலும் யானையும் வரைந்துகொண்டிருந்தார்கள். "அந்த டப்பாவ சும்மா தூக்கு. போதும், வெச்சுடு" என்று எனக்கு ஜாடை காட்டுவார். நான் ஓடிப்போய்ப் பெயின்ட் டப்பாவைத் தூக்குவேன். அவர் ஒரு படம் எடுப்பார். விசில் ஊதும். நான் பலூனோடு வரிசைக்குத் திரும்புவேன். சித்தப்பாவுக்குப் போன் புதிது. ஒரு படத்தில் என் தலை இல்லை, ஒன்றில் யானை மட்டும் இருந்தது, நன்றாக வந்த படத்தில் அவருடைய கட்டைவிரல் பாதியை மறைத்துக்கொண்டது. பிரஷ் என் கையில் இருப்பது தெளிவாகத் தெரிந்தது ஒரே படத்தில்தான், அதுவும் பல்துலக்கும் பிரஷ்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சித்தப்பா மனதைத் தேற்றிக்கொண்டு பலாவைப் பிளந்தார். வாசம் கிளம்பியதும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அப்போதுதான் ஹன்னா வந்தாள். ஜெர்மனிக்காரப் பெண், பள்ளி இறுதி முடித்தவள், காலையிலிருந்து யானைக்குத் தந்தம் வரைந்துகொண்டிருந்தவள். உதவி செய்கிற வேகத்தில் இரண்டு கையையும் வெறுமனே பழத்துக்குள் விட்டாள். நாங்கள் "எண்ணெய், எண்ணெய்" என்று கத்தி முடிப்பதற்குள் விரலெல்லாம் பால் பிசின் ஒட்டிக்கொண்டது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கண்ணில் விழுந்த முடியை அந்தக் கையாலேயே ஒதுக்கினாள். ஒட்டிய கையை எடுக்க மறு கையைக் கொண்டுபோனாள், அதுவும் ஒட்டிக்கொண்டது.

இரண்டு கையும் தலையிலேயே மாட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்து முதலில் எல்லோரும் சிரித்தோம். அவள் கண் கலங்கியதும் சிரிப்பு நின்றது. கூட வந்தவர்கள் ஓடிப்போய்த் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்தார்கள். அது பிசினை இன்னும் கெட்டியாக்கியது. ஒரு பையன் கத்தரிக்கோல் எடுத்து வந்ததைப் பார்த்ததும் அவள் விம்மத் தொடங்கிவிட்டாள்.

நான் கத்தரிக்கோலைப் பிடுங்கித் தூர வைத்தேன். அவளைப் புங்கமரத்தடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, அம்மா கொடுத்த எண்ணெய் பாட்டிலைத் திறந்தேன். முதலில் விரல்கள், பிறகு முடி. கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் விட்டுத் தேய்த்து, பிசினைத் திரட்டித் திரட்டி எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. அவள் முடி சோளக்கதிர் நாரின் நிறத்தில், பிடிக்கு அடங்காமல் வழுக்கியது. என் ஆங்கிலமும் அதற்குள் எண்ணெய் போட்டதுபோல ஓடத் தொடங்கியிருந்தது. அவள் தன் வீட்டு நாயைப் பற்றிச் சொன்னாள். நான் சுரங்கத்து இயந்திரத்தைப் பற்றிச் சொன்னேன், அதற்குப் பக்கத்தில் அப்பா எறும்பு மாதிரி தெரிவார் என்றேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஜப்பானையே மறந்துவிட்டேன்.

மைதானத்தில் விசில் ஊதி எல்லோரையும் குழுப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் இருவரும் போக முடியவில்லை. சித்தப்பாவாலும் எங்களைப் படம் எடுக்க முடியவில்லை. முழங்கை வரை எண்ணெயோடு, ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் அவர் சுளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கையோடு போனைத் தொட அவருக்கு மனம் வரவில்லை.

கடைசிப் பிசினும் வந்த பிறகு ஹன்னா என்னை இறுகக் கட்டிக்கொண்டாள். பிறகு கொஞ்சம் தயங்கி, பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். அவள் சேரப்போகும் கல்லூரியில் வெளிநாட்டில் தொண்டு செய்ததற்கு ஆதாரம் கேட்கிறார்களாம். அதை முகாம் நடத்துகிறவர்கள் தந்தால் போதாதாம். அந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் தன் கைப்பட நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எழுதித் தருவாயா என்று கேட்டு ஒரு நீலப் பேனாவை நீட்டினாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சான்றிதழ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் தரும் நன்னடத்தைச் சான்றிதழ்தான். அதே நடையில் ஆங்கிலத்தில் எழுதினேன். செல்வி ஹன்னாவை நான் நன்கு அறிவேன், அவரது நடத்தையும் ஒழுக்கமும் நன்று, அவர் வரைந்த தந்தம் கோணலில்லாமல் இருந்தது, அவர் வாழ்வில் எல்லா வளமும் பெற வாழ்த்துகிறேன். கீழே இனிஷியலோடு கையெழுத்துப் போட்டு, எங்கள் பிளாக்கையும் குவார்ட்டர்ஸ் எண்ணையும் எழுதினேன். ஓரத்தில் என் எண்ணெய்க் கட்டைவிரல் வட்டமாகப் பதிந்துவிட்டது. சீல் இல்லாத குறை அதோடு தீர்ந்தது. ஹன்னா அதைப் பலமுறை படித்துவிட்டு, இரண்டு நோட்டுகளுக்கு நடுவே மடங்காமல் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் சித்தப்பா, "அந்தப் பொண்ணுக்கு என்னமோ எழுதிக் குடுத்துக்கினு இருந்தியே, என்னா அது?" என்று கேட்டார். சர்டிபிகேட் என்றேன்.

"நீ அதுக்கா?"

ஆமாம் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. சாலையோரம் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தார். என்னைப் பாராட்டித்தான் சிரிக்கிறார் என்று நானும் கூடவே சிரித்தேன்.

கட்டைவிரல் மறைத்த படம் உட்பட எல்லாவற்றையும் இணைத்து விண்ணப்பத்தை அனுப்பிவைத்தேன். சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. என் ஆர்வத்துக்கு நன்றி. படங்களில் நான் உதவி பெறுபவராகத் தெரிகிறேன். நான் உதவி செய்ததைக் கண்ட பன்னாட்டுத் தன்னார்வலர் எவராவது கைப்பட நான்கு வரி எழுதியிருந்தால் பரிசீலித்திருப்பார்கள். அடுத்த ஆண்டு முயலலாம்.

நான் ஒரு மூச்சு அழுதேன். அம்மா சூடாக ஒரு தோசை வார்த்து வைத்தாள். சித்தப்பா அந்தப் பதிலை என்னிடம் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். நான்கு வரி என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து என்னையே பார்த்தார்.

"அன்னிக்கு அந்த மரத்தடியில பேனா உன் கையிலதான இருந்துச்சு?" என்றார்.

"அது அவ பேனா சித்தப்பா. எழுதி முடிச்சதும் மறக்காம திருப்பிக் குடுத்துட்டேன்" என்றேன்.

சித்தப்பா என் தட்டில் இன்னொரு தோசையை எடுத்து வைத்தார்.